ஸ்டாலின்கிராட் கொப்பரை: ஆறாவது ஆர்மி வெளியேறியிருக்க முடியுமா? கணக்கோடு பேசுவோம்

டான்வளைவு:
1942 நவம்பர் 23-இல் ஸ்டாலின்கிராட் அருகே ஜெர்மனியின் ஆறாவது ஆர்மியைச் சுற்றிச் சோவியத் வளையம் மூடியது. அந்த வளையத்தைத்தான் கொப்பரை என்கிறார்கள். மறுநாள் காலை ஹிட்லரின் உத்தரவு வந்தது: இருந்த இடத்திலேயே நில். "ஆர்மித் தளபதி பவுலஸுக்குத் துணிச்சல் இருந்திருந்தால் உத்தரவை மீறி வெளியே வந்திருப்பார்" என்று திரும்பத் திரும்பப் படிக்கிறோம். துணிச்சல் இருக்கட்டும். பெட்ரோல் எவ்வளவு இருந்தது? பீரங்கியை இழுக்கக் குதிரை இருந்ததா? எத்தனை கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தளபதிகளின் குணநலன் விவாதம் இங்கே வேண்டாம். அதற்குப் பழைய இழைகள் நிறைய இருக்கின்றன.

வரைபடமேசை:
வளையம் விழுந்த விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் பெட்ரோல் கணக்கு புரியாது.

நவம்பர் 19 காலை 7.30-க்கு டான் ஆற்றின் தென்கரையில் சோவியத் பிடித்து வைத்திருந்த பாலமுகங்களிலிருந்து 80 நிமிடப் பீரங்கித் தாக்குதல். கடும் மூடுபனி. செராஃபிமோவிச்சிலிருந்து ரொமானென்கோவின் 5-வது டாங்கி ஆர்மி, கிளெட்ஸ்காயாவிலிருந்து சிஸ்தியாகோவின் 21-வது ஆர்மி. இரண்டும் வட்டூட்டினின் தென்மேற்கு முனையைச் சேர்ந்தவை (முனை என்பது பல ஆர்மிகள் சேர்ந்த சோவியத் படைத்தொகுதி). மறுநாள் நகரத்துக்குத் தெற்கே ஏரிகளுக்கு நடுவிலிருந்து யெரெமென்கோவின் முனை கிளம்பியது. வடக்குக் கை 120 கி.மீ. அளவுக்கு ஓட வேண்டும், தெற்குக் கை அதைவிடக் கொஞ்சம் குறைவு. நான்கு நாளில் சந்தித்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு முடிச்சு, கலாச் அருகே டான் பாலம். அது தகர்க்கப்பட்டிருந்தால் வடக்குக் கை ஆற்றங்கரையிலேயே நின்றிருக்கும். 22-ஆம் தேதி விடியுமுன் லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப்போவ் சில டாங்கிகளும் இரண்டு கம்பெனிக் காலாட்களுமாக, முன்விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு நேராகப் பாலத்துக்கு ஓட்டினார். விளக்கு போட்டு வருவது நம்ம வண்டிதான் என்று காவலர்கள் நினைத்தார்கள். பாலம் முழுதாகக் கைக்கு வந்தது. அடுத்த டாங்கி பிரிகேட் வந்து சேரும்வரை அந்தச் சின்னக் கூட்டம் பல மணி நேரம் தனியாகத் தாக்குப்பிடித்தது.

23-ஆம் தேதி சோவெத்ஸ்கி ஊர் அருகே கிராவ்சென்கோவின் 4-வது டாங்கி கோரும் (கோர்: பல டிவிஷன்களோ பிரிகேட்களோ சேர்ந்த படை) வோல்ஸ்கியின் 4-வது மெக்கனைஸ்டு கோரும் கைகோத்தன. இருபக்க வீரர்களும் பனியில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் அந்தப் பிரபலமான படச்சுருள் பிற்பாடு நடித்து எடுக்கப்பட்டது. உண்மையான சந்திப்பில் அடையாள வாணம் சரியாகத் தெரியாமல் ஒருவரையொருவர் சுட்டும்கொண்டார்கள்.

பொருநை74:
ஜெர்மனியின் கூட்டாளிகளாகப் பக்கவாட்டைக் காத்த ருமேனியர்கள் ஓடிவிட்டார்கள், அதனால்தான் எல்லாம் என்று ஒரு பேச்சு உண்டே அண்ணா?

வரைபடமேசை:
தம்பி, அது ஜெர்மன் தளபதிகள் போருக்குப்பின் பரப்பிய பேச்சு. கணக்கைப் பாருங்கள். துமித்ரெஸ்குவின் 3-வது ருமேனிய ஆர்மி ஏறத்தாழ 140 கி.மீ. போர்முனையைக் காத்தது, ஒரு டிவிஷனுக்கு 20 கி.மீ. அளவுக்கு. டாங்கி எதிர்ப்புக்கு இருந்தவை பெரும்பாலும் 37, 47 மி.மீ. பீரங்கிகள். சோவியத்தின் டி-34 டாங்கியின் முன்தகட்டில் 37 மி.மீ. குண்டு தெறித்துப் போகும். ஜெர்மானியர் கொடுத்த 75 மி.மீ. பீரங்கி டிவிஷனுக்கு ஆறு. இருபது கிலோமீட்டருக்கு ஆறு.

செராஃபிமோவிச் பாலமுகத்தை முதலில் அழித்து டான் கரையைத் தடுப்பாக்க வேண்டும் என்று துமித்ரெஸ்கு முன்பே கேட்டார். நகரத்துக்குள் தொழிற்சாலைகளுக்காக டிவிஷன்கள் தேய்ந்துகொண்டிருந்ததால் ஆள் தரவில்லை. ரஸ்போபின்ஸ்காயா பக்கம் சிக்கிய ஜெனரல் லஸ்காரின் ஆட்கள் குண்டு தீரும்வரை நின்றார்கள். இந்தப் பழியை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

பின்னால் கையிருப்பாக நின்றது ஜெர்மன் தளபதி ஹைமின் 48-வது பான்சர் (டாங்கி) கோர். அதில் 22-வது பான்சர் டிவிஷனின் டாங்கிகள் பெட்ரோல் பஞ்சத்தில் பல வாரம் ஓடாமல் வைக்கோல் மூடிய குழிகளில் கிடந்தன. வைக்கோலுக்கு வந்த எலிகள் மின்கம்பி உறையைக் கொறித்துவிட்டன. உத்தரவு வந்தபோது நூற்றுச் சொச்சம் டாங்கியில் பாதிகூடக் கிளம்பவில்லை. இன்ஜின் நின்றது, கோபுரம் திரும்பவில்லை, ஷார்ட் சர்க்யூட்டில் தீப்பிடித்தது.

குதிரைலாடம்:
கேட்டவருடைய கேள்விக்கு வருகிறேன். என் பதில்: வளையம் மூடியது நவம்பரில். ஆனால் ஆறாவது ஆர்மியின் கால் ஒடிந்தது அதற்கு முன்பே, இலையுதிர் காலத்தில்.

ஜெர்மன் ஆர்மி என்றதும் டாங்கிதான் கண்ணில் நிற்கும். காலாட்படை டிவிஷனின் பீரங்கி, ஆம்புலன்ஸ், சமையல் வண்டி எல்லாம் குதிரை இழுத்தவை. ஸ்டெப்பி வெட்டவெளியில் தீவனம் கிடையாது. தீவனம் ஏற்றிவர ஒற்றைத் தண்டவாளத்தில் இடமில்லை, குண்டு வரவே இடம் போதவில்லை. ஆகவே பெரும்பாலான குதிரைகளைக் குளிர்காலத்துக்கு மேற்கே அனுப்பிவிட்டார்கள். அசையாத நகரச் சண்டைக்கு அது சரியான முடிவுதான். அசைய வேண்டிய நாள் வந்தபோது பீரங்கி நின்ற இடத்தில் நின்றது. இழுக்க வண்டி வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும்.

22-ஆம் தேதி மாலை பவுலஸ் அனுப்பிய செய்தியிலேயே எல்லாம் இருக்கிறது: எரிபொருள் விரைவில் தீரும், குண்டு நெருக்கடி, உணவு ஆறு நாளுக்கு. குளிர்கால உடுப்பில் பெரும்பகுதி டானுக்கு மேற்கே கிடங்குகளில் மாட்டிக்கொண்டது.

வெளியேறுவதாக இருந்தால் பான்சர் டிவிஷன்களை வடக்கு, கிழக்கு முகங்களிலிருந்து உருவி தென்மேற்கில் குவிக்க வேண்டும். வளையத்துக்குள்ளேயே கிழக்கு மேற்காக 50, 60 கி.மீ. தூரம். அந்த நகர்வுக்கே இருந்த பெட்ரோலில் கணிசமான பங்கு போய்விடும்.

சேணம்பூட்டி:
மறுக்கிறேன் நண்பரே. 24, 25 தேதிகளில் வளையம் மெல்லியது. சோவியத் காலாள் டிவிஷன்கள் இன்னும் நடந்து வந்துகொண்டிருந்தன. டாங்கி கோர்களில் பாதி வண்டி வழியில் பழுதாகி நின்றது. உள்ளே மாட்டியது எவ்வளவு என்று சோவியத் உளவுக்கே தெரியாது. 85,000, 90,000 என்று நினைத்தார்கள், இருந்தது அதன் மூன்று மடங்கு. மேலே இருந்த ஆர்மிக் குழுத் தளபதி வைக்ஸ், உள்ளே இருந்த கோர் தளபதிகள் எல்லோரும் வெளியேறச் சொன்னவர்கள். விமானத்தில் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் வரும் என்று வைக்ஸ் 23-ஆம் தேதியே எழுதிவிட்டார். பீரங்கியை உடைத்துப் போட்டுவிட்டு ஆட்களை மட்டும் கொண்டுவந்திருந்தால்?

குதிரைலாடம்:
ஆட்கள் வந்திருப்பார்கள், ஆர்மி வந்திருக்காது. இரண்டும் வேறு. ஆனால் உங்கள் வாதத்தைத் தள்ளவில்லை. இரண்டரை லட்சத்தில் ஒரு லட்சம் பேர் வந்திருந்தாலும் அது பிறகு நடந்ததைவிட மேல்தான்.

94-வது காலாட்படை டிவிஷன் என்ன ஆனது என்பதையும் கணக்கில் சேருங்கள். வெளியேறும் உத்தரவு வந்தே தீரும் என்று நம்பிய கோர் தளபதி செய்ட்லிட்ஸ், 23-ஆம் தேதி இரவு அதை நகரின் வடகிழக்கு நிலையிலிருந்து பின்வாங்கச் செய்தார். பதுங்குகுழியில் கொண்டுபோக முடியாததை எரித்தார்கள். தீயைப் பார்த்ததும் சுய்கோவின் சோவியத் 62-வது ஆர்மி பாய்ந்தது. திறந்த பனிவெளியில் குழியில்லாமல் மாட்டிய அந்த டிவிஷன் நொறுங்கிப் போனது. ஒரே ஒரு டிவிஷன், சில கிலோமீட்டர் பின்வாங்கல், அதற்கே இந்தக் கதி. இருபது டிவிஷன் ஒரே நேரத்தில் குழியை விட்டு எழுந்தால் பின்காவல் எத்தனை மணி நேரம் நிற்கும்?

சரக்குமாஸ்டர்:
இந்த விவாதம் முழுக்க விமானப் போக்குவரத்தின் மேல் நிற்கிறது. கணக்கைப் போடுகிறேன்.

ஆர்மி முதலில் கேட்டது நாளுக்கு 750 டன். பிறகு 500. உயிரோடிருக்க மட்டும் 300. ஜூ-52 போக்குவரத்து விமானம் ஒரு நடைக்கு ஏறத்தாழ 2 டன். 500 டன்னுக்கு 250 இறக்கம், தினமும், பனியிலும் மூடுபனியிலும். அந்தக் குளிரில் நூறு விமானத்தில் பறக்கும் நிலையில் இருப்பவை முப்பது நாற்பது. ஆகத் தேவை எழுநூறுக்குக் குறையாது. ஜெர்மனியிடம் மொத்தமாகவே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. அதிலும் ஒரு பெரும்பங்கு அதே நவம்பரில் துனிசியாவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஹெய்ங்கெல்-111 குண்டுவீச்சு விமானங்களையும் மூட்டை சுமக்க விட்டார்கள்.

உண்மையில் சேர்ந்தது சராசரி நூறு டன்னைச் சுற்றி. 94 என்றும் 117 என்றும் இருவிதக் கணக்கு உண்டு. பெரியதையே எடுத்து இரண்டரை லட்சம் பேருக்கு வகுத்தால் தலைக்கு அரைக் கிலோகூட இல்லை. அந்த அரைக் கிலோவுக்குள்தான் ரொட்டி, பெட்ரோல், குண்டு, பஞ்சு, மருந்து எல்லாம். தலைக்கு 200 கிராம் ரொட்டி என்றாலே 50 டன் போய்விடும். மிகச் சிறந்த நாள் டிசம்பர் 19: 154 விமானம், 289 டன். குறைந்தபட்சமான 300-ஐ அன்றும் தொடவில்லை.

எங்கே ஒடிந்தது என்றால்:

இறங்கும் இடம். வளையத்துக்குள் இரவில் இறங்க விளக்கும் கருவியும் உள்ள தளம் பிட்டோம்னிக் ஒன்றுதான். குண்டுவீச்சில் ஓடுபாதை குழியானால், குழியை மூடும்வரை மேலே வந்தவை திரும்ப வேண்டும்.

குளிர். ஜூ-52-இன் மூன்று இன்ஜின்களும் காற்றில் குளிர்பவை, உறைய நீர் கிடையாது. உறைவது எண்ணெய். மைனஸ் இருபதுக்குக் கீழே அது தார் மாதிரி ஆகிவிடும். இன்ஜினை நிறுத்துமுன் எண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட வேண்டும். காலையில் இளகிய எண்ணெயோடு கிளப்பலாம், ஓட ஓடப் பெட்ரோல் ஆவியாகிவிடும். இது ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேவுக்குத் தெரிந்த முறைதான். ஆனால் ஜெர்மனியின் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்ட அணிகளுக்குப் பழக்கமில்லை. ஜனவரி நடுவில் விமானப்படையின் ஃபீல்டு மார்ஷல் மில்ஷ் வந்து பார்த்தபோதுகூட பல இடத்தில் அதைச் செய்யாமல், சூடேற்றும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

தூரம். வளையத்துக்கு வெளியே இருந்த விமானத் தளங்களான டாட்ஸின்ஸ்காயா, மொரோஸோவ்ஸ்கிலிருந்து 200 கி.மீ. சொச்சம். இவை போனதும் சால்ஸ்க், 400 கி.மீ. அளவு, ஜூ-52-இன் எல்லை. திரும்பிவர வேண்டிய பெட்ரோலையும் தானே சுமப்பதால் சரக்கு குறைந்தது.

பொருநை74:
முன்பு டெமியான்ஸ்க் வளையத்தில் இதே முறை வேலை செய்ததே? அதை வைத்துத்தானே நம்பினார்கள்?

சரக்குமாஸ்டர்:
அங்கே சிக்கியது ஒரு லட்சம் பேர், 1942 பிப்ரவரியிலிருந்து. தேவை நாளுக்கு 300 டன், ஓரளவு அதற்குப் பக்கத்தில் வந்தது. அதற்கே 265 விமானம் அழிந்தது. அங்கே எதிரி வேட்டை விமானம் குறைவு, தளங்கள் பக்கம், நாளாக நாளாகக் குளிர் தணியும் பருவம். இங்கே ஆள் இரண்டரை மடங்கு, எதிரே வலுத்துவிட்ட சோவியத் விமானப்படை, பருவமோ குளிருக்குள் போகிறது. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் விமானப்படைப் பணியாளர் தலைவர் யெஷோனெக் முதலில் தலையாட்டினார், விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். களத்தில் இருந்த விமானப்படைத் தளபதிகள் ரிஷ்ட்ஹோஃபென், ஃபீபிக் இருவரும் முடியாது என்றே சொன்னார்கள்.

டாட்ஸின்ஸ்காயாவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் 24 விடியலில் சோவியத் தளபதி படானோவின் 24-வது டாங்கி கோர் தளத்துக்குள் நுழைந்தது. பீரங்கிக் குண்டு விழும்வரை தளத்தை விடக்கூடாது என்று கோரிங்கின் உத்தரவு. அதனால் டாங்கி ஓடுபாதையில் ஏறும்போதுதான் விமானங்கள் எழும்பின. மூடுபனியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒன்றோடொன்று மோதின. நூற்றுக்கும் மேற்பட்டவை தப்பின, சில டஜன் எரிந்தன. உதிரிபாகங்களும் தரைக் கருவிகளும் அங்கேயே போயின. படானோவும் பிறகு மாட்டிக்கொண்டார். பின்னால் தொடர்பு அறுந்து, டீசலும் குண்டும் தீர்ந்து, சில நாள் சுற்றிவளைக்கப்பட்டு, 28-இல் மிஞ்சியவர்களோடு உடைத்து வெளியே வந்தார்.

சேணம்பூட்டி:
சரி, நவம்பரை விடுவோம். டிசம்பர் 19? ஜெர்மன் தளபதி ஹோத்தின் மீட்புப் படை கோத்தெல்னிகோவோவிலிருந்து 12-ஆம் தேதி கிளம்பி மிஷ்கோவா ஆறுவரை வந்துவிட்டது. இடையில் 48 கி.மீ. மட்டும். டாங்கிகளுக்குப் பின்னால் 3,000 டன் சரக்கோடு லாரி வரிசை காத்திருந்தது.

குதிரைலாடம்:
உள்ளே ஓடக்கூடிய டாங்கி நூற்றுக்குச் சற்று மேல், பெட்ரோல் 30 கி.மீ.க்கு. 48-இல் 30 போனால் மீதி 18. அந்த 18-ஐத்தான் யாரும் தாண்டவில்லை. எதிரே மலினோவ்ஸ்கியின் 2-வது கார்ட்ஸ் ஆர்மி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே 16-ஆம் தேதி தொடங்கிய தாக்குதலில் இத்தாலிய 8-வது ஆர்மி உடைந்து, ஹோத்துக்கே பின்பக்கம் ஆபத்து. வெளியேறும் குறிச்சொல் "இடிமுழக்கம்". ஹோத்துக்கும் பவுலஸுக்கும் மேலே இருந்த ஆர்மிக் குழுத் தளபதி மான்ஸ்டைன் தன் பொறுப்பில் அதைச் சொல்லவில்லை, ஹிட்லர் அனுமதிக்கவில்லை, பவுலஸ் தானாகக் கிளம்பவில்லை. மான்ஸ்டைன் பிறகு பழியைப் பெரும்பாலும் மற்ற இருவர் மேலும் போட்டார். நவம்பர் 24-இல் அவரே, விமானச் சரக்கு வந்தால் காத்திருக்கலாம் என்ற பக்கம் நின்றவர் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மருந்துப்பெட்டி:
பட்டினிப் பகுதியை இங்கே யாரும் தொடவில்லை. பின்விளைவின் பாதி அதில்தான் இருக்கிறது.

டிசம்பர் நடுவில் காயமில்லாத, நோயில்லாத வீரர்கள் காவலில் நின்றபடியே இறக்கத் தொடங்கினார்கள். காரணம் காண கிர்கென்ஸோன் என்ற நோய்க்கூறியல் மருத்துவரை விமானத்தில் உள்ளே அனுப்பினார்கள். உறைந்து கிடந்த உடல்களை இளக்கி, ஐம்பதை அறுத்துப் பார்த்தார். தோலடிக் கொழுப்பு காணாமல் போயிருந்தது, எலும்பு மஜ்ஜை நீர்த்த ஜெல்லி போல, இதயம் சுருங்கிப் பழுப்பேறி. பாதிக்குப் பாதி பேரின் சாவுக்குக் காரணம் பட்டினி. குளிரில் உடல் சூடு காக்கவே கூடுதல் உணவு வேண்டும். இவர்களுக்கு ரொட்டி முதலில் 200 கிராம், பிறகு 100, கூடவே குதிரை இறைச்சி மிதக்கும் தண்ணீர். விறகு இல்லாத வெட்டவெளி. மேற்கு முகத்தில் இருந்தவர்களுக்குக் குழிக்கு மேல் போடக் கட்டை வேண்டுமென்றால் நகர இடிபாட்டிலிருந்து வர வேண்டும், லாரிக்குப் பெட்ரோல் இல்லை. பிறகு பேன், பேனிலிருந்து டைஃபஸ்.

ஜனவரி 10-இல் சோவியத் தளபதி ரோகொஸ்ஸோவ்ஸ்கியின் இறுதித் தாக்குதல் தொடங்கியது. 7,000 பீரங்கி, மோர்ட்டார், 55 நிமிடம். 16-இல் பிட்டோம்னிக் போனது, 22 வாக்கில் இன்னொரு விமானத் தளமான கும்ராக். அதன்பின் பாராசூட்டில் போட்டதுதான், பாதி எதிர்ப்பக்கம் விழுந்தது. 26-இல் வளையம் இரண்டாகப் பிளந்தது. 31-இல் யூனிவெர்மாக் கடையின் நிலவறையில் பவுலஸ் பிடிபட்டார், முந்தைய நாள்தான் ஃபீல்டு மார்ஷல் பதவி வந்திருந்தது. பிப்ரவரி 2-இல் வடக்கே கோர் தளபதி ஸ்ட்ரெக்கரும் சரண்.

கைதிகள் 91,000. ஊர் திரும்பியவர்கள் 5,000 முதல் 6,000, கடைசிக் கூட்டம் 1955-இல் மேற்கு ஜெர்மன் சான்சலர் அடனோவர் மாஸ்கோ போய்வந்த பிறகு. இறந்தவர்களில் பெரும்பாலோர் 1943 வசந்தத்துக்குள் போய்விட்டார்கள். பெக்கெட்டோவ்கா முகாமில் கூரையும் மருந்தும் இல்லை, ஸ்டெப்பியில் கால்நடையாகக் கூட்டிப்போனதில் விழுந்தவர்கள் சுடப்பட்டார்கள், இதெல்லாம் உண்மை. ஆனால் இரண்டு மாதப் பட்டினியோடும் டைஃபஸோடும் வந்த உடல்கள் அவை. அதோடு, அந்த நகரத்தில் யாருக்குமே உணவு இல்லை. வயிறு சுருங்கியவர்கள் திடீரென்று கொழுப்பும் இறைச்சியும் தின்று செத்ததும் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் எழுதாமல் விட மனமில்லை. ஜூலை 17 முதல் சோவியத் தரப்பில் இறந்தவர், காணாமல் போனவர் 4,78,000-க்கு மேல், காயமடைந்தவர்களைச் சேர்த்தால் 11 லட்சத்துக்கு மேல். ஜெர்மன் சீருடையில் வேலை செய்த சோவியத் உதவியாளர்கள் பல ஆயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்ற பட்டியலே இல்லை.

வரைபடமேசை:
போர்நிலைப் பின்விளைவைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். "ஆறாவது ஆர்மியின் தியாகம் தெற்கே காகசஸில் இருந்த ஜெர்மன் படையைக் காப்பாற்றியது" என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. வளையத்தைச் சுற்றி ஏழு சோவியத் ஆர்மிகள் பிப்ரவரிவரை கட்டுண்டு கிடந்தன. அதற்குள் பெரும்பகுதி ரோஸ்டோவ் வழியாக நழுவியது. மார்ச்சில் மான்ஸ்டைன் கார்க்கிவைத் திரும்பப் பிடிக்க முடிந்ததும் அதனால்தான். ஆனால் அது திட்டமிட்டு நடந்ததல்ல, நடந்த பிறகு சொன்ன காரணம்.

அதே மார்ச்சில் புதிதாக ஒரு ஆறாவது ஆர்மியை அமைத்தார்கள். 1944 ஆகஸ்டில் யாஸ்ஸி, கிஷினெவ் பகுதியில் அதுவும் முழுக்கச் சுற்றிவளைக்கப்பட்டது. மறுபடியும் இருபக்கம் ருமேனிய ஆர்மிகள், மறுபடியும் உடைந்தது பக்கவாட்டில். ஆகஸ்ட் 23-இல் ருமேனியா பக்கம் மாறியது.

டான்வளைவு:
எல்லோருக்கும் நன்றி. குதிரை விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. ஒரு கடைசிக் கேள்வி: எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆட்களை மட்டும் கொண்டுவருவது என்ற சேணம்பூட்டியின் யோசனையை வேறு எங்காவது செய்து பார்த்தார்களா?

குதிரைலாடம்:
செய்தார்கள். 1944 பிப்ரவரியில் உக்ரைனில் கோர்சுன் வளையம். சிக்கியது 60,000-க்குச் சற்றுக் குறைவு. மீட்புப் படை லிஸ்யாங்காவில் நின்றுவிட்டது, இடைவெளி பத்து கிலோமீட்டருக்குள். 16-ஆம் தேதி இரவு கிளம்பினார்கள். நடக்க முடியாத காயக்காரர்களை மருத்துவர்களோடு விட்டுவிட்டுப் போனார்கள். குறுக்கே க்னிலோய் டிக்கிச் என்ற சின்ன ஆறு, அகலம் பெரிதில்லை, பனி உருகிப் பெருக்கெடுத்து ஓடியது. பாலம் இல்லை. வண்டிகளை ஆற்றில் இறக்கிப் பாலம் போடப் பார்த்தார்கள், அடித்துக்கொண்டு போனது. குதிரை வாலைப் பிடித்தும் பெல்ட்டுகளைச் சேர்த்துக் கட்டியும் கடந்தார்கள். உயிரோடு வந்தவர்கள் 35,000 முதல் 40,000. பீரங்கி, டாங்கி, லாரி, சமையல் வண்டி அத்தனையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

அது பத்து கிலோமீட்டர், ஒரே இரவு. மிஷ்கோவாவுக்கு 48.